மூட்டை இருக்கு, ஆளு வரும்

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், ‘ஆகா, பேரே எவ்வளவு லட்சணமாக இருக்கிறது’ என்பீர்கள். என் வாயால் அவருக்கு அந்தப் பாராட்டும் கிடைக்க வேண்டாம். ஈப்போ மார்க்கெட்டிலிருந்து கோப்பேங் வரைக்கும் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்த மனிதரைப் புகழ்ந்து முடித்தாயிற்று. இது என் பங்கு. இதில் வயிற்றெரிச்சல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். எனக்கு வராத ஒன்றை வருகிற மாதிரி நடிக்க இந்த வயதில் தெம்பில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், நாங்கள் இருவரும் ஒரே சீன முதலாளியிடம், தவுக்கே என்போம், மோட்டார் ஓட்டினோம். ஆளுக்கு ஒரு வண்டி. கித்தான் கூரை, பித்தளை விளக்கு, முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினால்தான் உயிர்க்கும் எஞ்சின். மார்க்கெட் வாசலில் ஆள் ஏற்றி, சிம்பாங் பூலாய் வழியாகக் கோப்பேங் ரோட்டில் இருக்கிற ரப்பர் தோட்டங்களில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். வேலை அவ்வளவுதான். அவருக்கு முன்பே நான் லைசென்ஸ் எடுத்தவன். என் காக்கிக் கோட்டில் மடிப்புக் கலையாது. வண்டியின் பித்தளை விளக்கில் நீங்கள் முகம் பார்த்துத் தலை வாரலாம். அவருடைய விளக்கில் போன வாரத்துச் சேறு இருக்கும்.

ஆனால் ஜனங்கள் என்னை ‘டிரைவரே’ என்றார்கள். அவரை ‘அண்ணே’ என்றார்கள்.

என் அப்பா வயதுக் கிழவர்கூட அவரை அண்ணே என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பொடிப்பிள்ளைகள் அண்ணே. புதிதாகக் கல்யாணமாகித் தலை நிமிராமல் வருகிற பெண்கள் அண்ணே. ஒரு தடவை மார்க்கெட்டில் மீன் விற்கிற சீனக் கிழவி ‘அன்னே, அன்னே’ என்று கூப்பிட்டு அவருக்கு ஒரு வாழையிலை மீனைக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, ‘ஏய் டிரைபர், வண்டிய தள்ளிப் போடு’ என்றாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சந்தைக்கு வந்து இறங்கியதும் முதல் சாமானை வாங்கித் துண்டில் முடிந்து, அந்த மூட்டையைக் கொண்டுவந்து வண்டி சீட்டில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் கருவாடோ, பிள்ளைக்கு ஒரு சட்டையோ, வெற்றிலைக் கட்டோ அதில் இருக்கும். மூட்டை உட்கார்ந்துவிட்டால் அந்த இடம் அவர்களுடையது. அப்புறம் நிம்மதியாகக் கோயில், வளையல் கடை, சொந்தக்காரர் வீடு என்று ஊர் சுற்றப் போய்விடுவார்கள். வண்டிக்காரன் பாடு அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

என் வண்டியில் இந்தச் சட்டம் செல்லாது. புறப்படுகிற நேரத்துக்கு ஆள் வராவிட்டால் மூட்டையை எடுத்து எதிரே இருக்கும் வெற்றிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, காலியான இடத்தில் நிற்கிறவரை ஏற்றிக்கொண்டு போவேன். இதில் என்ன தப்பு? உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் வீடு வாசல் இல்லையா?

அவர் மூட்டையை ஆளாகவே நினைத்தார். வெயில் பட்டால் நகர்த்தி வைப்பார். மழைச் சாரல் அடித்தால் தன் கோட்டைக் கழற்றி அதற்குப் போர்த்துவார். வண்டியில் ஏறியவர்கள் ‘போலாம்ண்ணே, நேரமாவுது’ என்று நச்சரித்தால் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. ‘மூட்டை இருக்குல்ல, ஆளு வரும்’ என்பார். அந்த ஐந்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். எனக்கு அது கனவில்கூடக் கேட்டிருக்கிறது.

ஆள் வரும்வரைக்கும் உட்கார மாட்டார். வண்டிக்கு வெளியே நின்று, சூடு ஆறிக்கொண்டிருக்கும் பானெட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு, கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடும் நின்றபடிதான். கடைக்குள்ளே போய் உட்கார்ந்தால் அந்த நேரம் பார்த்து யாராவது ஓடி வந்து வண்டியைக் காணாமல் பதறிவிடுவார்களாம். கிளம்பிய பிறகும் விடமாட்டார். மார்க்கெட் கண்ணுக்கு மறைகிறவரை கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் பார்ப்பார். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிற நேரத்தைவிட, விட்டுவந்த இடத்தைப் பார்த்து ஓட்டுகிற நேரம் அதிகம். ஒரு நாள் குப்புறக் கவிழப்போகிறார் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். கவிழவில்லை.

ஒரு சந்தை நாளில் அவர் வண்டியிலிருந்த மூட்டைக்குள்ளே கோழி ஒன்று இருந்தது. உயிருள்ள கோழி. மூட்டைக்காரி கருவாட்டுக் கடையில் எவளோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோழி கத்துகிறது, வண்டியில் இருப்பவர்கள் கத்துகிறார்கள், இவர் ஒரு சிரட்டையில் தண்ணீர் கொண்டுவந்து மூட்டையின் வாயைக் கொஞ்சம் தளர்த்திக் கோழிக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு நடை போய்த் திரும்பி வந்தேன், வண்டி அதே இடத்தில் நிற்கிறது. ‘இன்னியோட ஒழிஞ்சீங்க, இவங்க யாரும் இனிமே ஒங்க வண்டியில ஏற மாட்டாங்க’ என்று எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது.

அடுத்த சந்தையில் அத்தனை பேரும் அவர் வண்டியில்தான் வந்து மூட்டை வைத்தார்கள். திட்டியவர்கள் முதல் வரிசையில் வைத்தார்கள். இன்றைக்கு யாருடைய மூட்டைக்காகவோ நின்ற வண்டி, நாளைக்கு நம் மூட்டைக்காகவும் நிற்குமல்லவா? அந்தக் கணக்கு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

புரிந்ததும் நானும் ஒரு நாள் காத்திருந்து பார்த்தேன். ஏன், எனக்கு மட்டும் நிற்கத் தெரியாதா? ஒரு மூட்டை இருந்தது, நின்றேன். பானெட்டில் கை வைத்துக்கொண்டு அவரைப் போலவே நின்றேன். கொஞ்ச நேரத்தில் பின்சீட்டுக் கிழவர் இறங்கினார். ‘இந்த டிரைவருக்கு இன்னிக்கு வேலை செய்ய வணங்கல போல இருக்கு. வாங்க, அண்ணே வண்டிக்குப் போவோம்’ என்று மற்றவர்களையும் இறக்கி அழைத்துக்கொண்டு போனார். அதே நிற்பு, அதே வெயில். அவர் செய்தால் இரக்கம், நான் செய்தால் சோம்பேறித்தனம். அன்றிலிருந்து நான் ஒருவருக்காகவும் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் பெண்டாட்டியே அவர் வண்டியில் போனாள்.

அவள் அம்மா வீடு சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில், இருந்தது. அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் வண்டி மார்க்கெட் வாசலில் நிற்க, அதைத் தாண்டிப் போய் அவர் வண்டியில் ஏறுவாள். ஊரே பார்க்கிறது. ஒரு நாள் சோறு போடும்போது கேட்டுவிட்டேன்.

“ஏன்டி, நம்ம வண்டி ஒனக்கு ஆவாதா?”

“நீங்க ஓட்டுறதைப் பாத்தா பயமா இருக்கு.”

“அவ்வளவு வேகமாவா போறேன்?”

“வேகமில்ல. எறங்கி ஒரு வெத்தலை வாங்கப் போனா, திரும்பி வர்றப்ப வண்டி இருக்குமான்னு பயம்.”

“ஏய், கட்டுன பொண்டாட்டிய விட்டுட்டுப் போயிருவேனா நான்?”

அவள் ரசத்தைக் கிண்டிக்கொண்டு யோசித்தாள். அந்த யோசனைதான் என்னைக் கொன்றது. விட்டுவிட்டுப் போவீர்கள் என்று சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

தவுக்கே ஒரு பஸ் வாங்கப்போகிறார் என்ற பேச்சு அந்த நேரத்தில்தான் கிளம்பியது. மரப்பெஞ்சு போட்ட, கூரையில் சாமான் கட்டுகிற பெரிய பஸ். அது வந்ததும் இரண்டு வண்டிகளையும் விற்றுவிடுவார். ஓட்டுவதற்கு ஒரு டிரைவர் போதும். இன்னொருவன் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு வேறு பிழைப்பு என்றால் தோட்டம்தான். நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். விடிவதற்கு முன்னே பெரட்டில் வரிசையாக நின்று பெயர் கொடுத்து, கொசுக்கடியில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்புக் காய்த்த அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். ரப்பர் விலை விழுந்தபோது அந்த வேலையும் இல்லை என்று அவரை அனுப்பினார்கள். இனி உளியைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டுத்தான் ஈப்போவுக்கு நடந்து வந்தேன். லாரி கழுவி, டயர் மாற்றி, ஹேண்டில் சுற்றி, இந்தக் காக்கிக் கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். பெண்டாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள். என் பிள்ளை லயத்தில் பிறக்கக் கூடாது. அதனால் அந்த பஸ் எனக்கு வேண்டும். அவருக்கு அது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. பிள்ளையா குட்டியா, ஒண்டிக்கட்டை.

அவர் கதை எனக்குத் தெரிந்தது சிம்பாங் பூலாய் சுண்ணாம்பு மலையடியில். நல்ல மழை. என் டயர் பஞ்சர். ஆட்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நனைந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கமாக வெறும் வண்டியில் வந்தவர் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். நான் கூப்பிடவில்லை. டயரைக் கழற்றிக்கொண்டே குத்தலாகத்தான் கேட்டேன்.

“எதுக்குண்ணே இப்படி மூட்டைக்கெல்லாம் காவல் காக்குறீங்க? நீங்க என்ன, மூட்டைக்குப் பொறந்தவரா?”

கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் சிரித்தார்.

“அப்படித்தான் வச்சுக்கயேன் தம்பி,” என்றார். “சின்ன வயசுல நானும் அம்மாவும் ஊர்லேருந்து வந்தப்ப, பினாங்குக்கு எதிர்த்தாப்புல இருக்குற தீவுல எறக்குனாங்க. கப்பல்ல வந்தவங்களுக்கு நோவு நொடி இருக்கான்னு பாக்குற எடம். எனக்கு மேலெல்லாம் பொரிப்பொரியா வந்திருச்சு. என்னை மட்டும் தனிக் கொட்டாயில போட்டாங்க. அம்மா கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுச்சு. தன்னோட மூட்டையை உள்ள தள்ளி, ‘இது ஒங்கிட்ட இருக்கட்டும்டா. மூட்டை இருக்குல்ல, நான் வந்துருவேன்’னுச்சு.”

“வந்தாங்களா?”

“ஊர்லேருந்து ஆள் சேத்துக் கூட்டியாந்த கங்காணி மத்த எல்லாரையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. உடம்பு தேறி வெளிய வந்தப்ப, எந்தத் தோட்டம்னு கேட்டாங்க. அக்கரைத் தோட்டம்னேன். கப்பல்ல பெரியவங்க அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. ஆபீசுல அப்படி ஒரு பேரே இல்லன்னுட்டாங்க.”

எப்படி இருக்கும்? ஆபீசில் இருப்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். நம் ஜனங்கள் அதை வாயில் நுழைக்க முடியாமல் தங்களுக்குத் தோதாக ஒன்று வைத்துக்கொள்வார்கள். பேராக்கில் ஆறு ஓடுகிற இடமெல்லாம் ஓர் அக்கரைத் தோட்டம் உண்டு. பாகான் செராய் பக்கம் ஒன்று, ஆயர் தாவார் பக்கம் ஒன்று, எனக்குத் தெரிந்தே கோப்பேங் ரோட்டில் இரண்டு. அவரை ஏதோ ஒரு கங்காணி தலையில் கட்டி ஏதோ ஒரு தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வளர்ந்ததும் மாட்டுவண்டி ஓட்டினார், பிறகு மோட்டார். ஏன் இந்த வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. எந்தத் தோட்டத்து வாசலிலும் தடையில்லாமல் நுழைகிறவன் வண்டிக்காரன் ஒருவன்தான். ஒவ்வொரு லயத்திலும் இறங்கி, வயசான பொம்பளைகளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாரே, வம்பளக்கிறார் என்று நான் நினைத்தது அதுதான்.

“அந்த மூட்டை?” என்றேன்.

“இருக்கு.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“பிரிச்சுப் பாக்கல.”

“இத்தனை வருஷமாவா?”

“அம்மா மூட்டையை நான் எதுக்குத் தம்பி பிரிக்கணும்? அவங்க வந்து பிரிக்கட்டும்.”

டயரைப் போட்டு முறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மழையில் என் முகம் நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று. ஆனால் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேறு ஒன்று தோன்றிவிட்டது. இந்தத் துக்கத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள். என் அம்மா உயிரோடு இருந்தாள், வாரா வாரம் வந்து என் சம்பளத்தையும் என் பெண்டாட்டியின் குழம்பையும் குறை சொன்னாள். இதில் யாருக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது? நானும் பட்டவன்தான். பட்டதில் எனக்கு மிஞ்சியது அவசரம். எங்கும் நிற்காதே, நின்றால் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். அவருக்கு மிஞ்சியது அந்த நிதானம். ஒரே மாதிரி அடி வாங்கிய இரண்டு பேரில் ஒருத்தன் ‘அண்ணே’ ஆகிறான், ஒருத்தன் ‘டிரைவரே’ ஆகிறான் என்றால் கடவுளுக்குக் கொஞ்சமாவது நியாயம் வேண்டாமா?

இன்னொன்றும் எனக்குச் சமாதானமாகவில்லை. மூட்டை இருந்தும் ஆள் வராமல் போனது அவர் ஒருத்தருக்குத்தான். அந்த வார்த்தையை நம்பக் கூடாதவர் என்றால் உலகத்திலேயே அவர்தான். தனக்குப் பலிக்காததை ஊருக்கெல்லாம் பலிக்க வைக்கிறேன் என்று வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பைத்தியம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

பஸ் யாருக்கு என்பது ஒரு மூட்டையில்தான் தீர்ந்தது. கோப்பேங்கில் தவுக்கேயின் கூட்டாளி மகனுக்குக் கல்யாண விருந்து. பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தவுக்கே மார்க்கெட்டுக்கு வந்து, வரிசையில் முதலாவதாக நிற்கிற வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அது ‘அண்ணே’ ஓட்டுகிற வண்டி. பின்சீட்டில் ஒரு பச்சைத் துண்டு மூட்டை.

“லெக்காஸ், லெக்காஸ்!” என்றார் தவுக்கே. அவருக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் அவருக்குப் பிடித்த வார்த்தை அதுதான். சீக்கிரம், சீக்கிரம்.

“சிக்கிட் லாகி தவுக்கே,” என்றார் இவர். இன்னும் கொஞ்சம். “ஒரு ஆளு வரணும்.”

“மானா ஓராங்? ஆளு எங்க?”

“மூட்டை இருக்கு தவுக்கே.”

தவுக்கே திரும்பி மூட்டையைப் பார்த்தார். விசிறியை மடக்கினார், விரித்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் என் வண்டியில் ஹேண்டிலைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பி, ஒரு தடவை லேசாக ஹார்னை அமுக்கினேன். அவ்வளவுதான் செய்தேன். தவுக்கே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோப்பேங்குக்கு நான் ஓட்டிய ஓட்டத்தில் அவர் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார். பஸ் எனக்கு என்று இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அந்தப் பச்சை மூட்டைக்காரி வந்தாளா என்றால், வந்தாள். வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தாளாம். அவளால் ஒரு மனிதனின் பிழைப்பே போய்விட்டது. வெற்றிலைக் கடைக்காரர் சொன்னார், இவர் அவளைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். ‘புடிச்ச கலரு கெடைச்சுதா தங்கச்சி?’

போகிற அன்று புது பஸ்ஸைப் பார்க்க வந்தார். பெஞ்சுகளைக் கையால் துடைத்தார். பானெட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது குறை சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். ‘நல்ல வண்டி தம்பி. பின்னாலயும் பாத்துக்க’ என்றார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் தோளில் ஒரு பழைய மூட்டை இருந்தது.

அவர் போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஜனங்கள் புது பஸ்ஸில் மூட்டையை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போனார்கள். நான் ஹார்னை அடித்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் ஒரே குரலில், ‘மூட்டை இருக்கு டிரைவரே!’ என்றார்கள். வேறு வழியில்லாமல் நின்றேன். வருஷக்கணக்கில் நின்றேன். மூட்டைக்காரர்கள் மூச்சு வாங்க ஓடி வந்து ஏறியதும் பக்கத்திலிருப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், ‘எல்லாம் அந்த அண்ணே பழக்கிவிட்ட பழக்கம்.’ வெயிலில் நிற்பது நான், பேர் அவருக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசி நடை. காலையில் தோட்டத்திலிருந்து ஏறி வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி, ஊருக்குப் புதிதானவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது, சாயங்காலம் ஒரு சின்ன மூட்டையைக் கொண்டுவந்து முன்பெஞ்சில் வைத்தார்கள். புருஷன் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினான். அவள் மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“யாரும்மா வரணும்?” என்றேன்.

“எங்க மவன்ங்க. அஞ்சு வயசு. தீவுல காய்ச்சல்னு புடிச்சு வச்சுக்கிட்டாங்க. எங்களை மட்டும் தோட்டத்துக்கு அனுப்பிட்டாங்க. இன்னிக்கு மெயில் ரயில்ல கொண்டாரேன்னு சொல்லிவிட்டிருக்காரு.”

“யாரு?”

“அங்க கொட்டாயில ஒரு அண்ணன் இருக்காரு. தனியா வுட்டுட்டுப் போற புள்ளைங்களுக்குக் கஞ்சி ஊத்தி அவருதான் பாத்துக்குறாரு. கங்காணிய நிறுத்தி வச்சு, தோட்டத்துக்கு வெள்ளக்காரன் பேரு என்ன, நம்ம பேரு என்னன்னு ரெண்டையும் கேட்டுக்கிட்டுத்தான் எங்களை வுட்டாரு. நான் அழுதேன். ‘புள்ளையோட மூட்டையை வண்டியில வச்சிட்டு நில்லு தங்கச்சி. மூட்டை இருந்தா ஆளு வரும்’னாரு.”

எனக்கு உச்சந்தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது. தவுக்கே வேலையைப் பிடுங்கினால், அந்த மனிதர் தான் தொலைந்த இடத்திலேயே போய் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார். என்னால் முடியுமா? அப்பா வெட்டிய மரத்தைக்கூட நான் தோட்டத்தை விட்டு வந்த பிறகு திரும்பிப் பார்த்ததில்லை.

மெயில் லேட். கிளேடாங் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. பஸ் நிறைந்துவிட்டது. அதிசயமாக அன்றைக்கு ஒருத்தர்கூட அவசரப்படவில்லை. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு எல்லாரும் ஸ்டேஷன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுமானால் கிளம்பிப் போயிருக்கலாம், எனக்குச் சாக்கு இருந்தது, மழை வருகிறது, கடைசி நடை. நான் கிளம்பவில்லை. கீழே இறங்கி பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

இரக்கத்தில் நின்றேன் என்று நினைக்காதீர்கள். அவர் வரக் கூடாது என்பதற்காக நின்றேன். இன்று ஒரு நாள், இந்த ஒரே ஒரு தடவை, மூட்டை இருந்தும் ஆள் வராமல் போகட்டும். இத்தனை பேரும் அதைக் கண்ணால் பார்க்கட்டும். அந்தப் பெண் அழுவாளே என்று ஒரு பக்கம் நெஞ்சு பதறியது. பதறட்டும் என்று நின்றேன். அவ்வளவு ஆழமாக வேறு எதற்கும் நான் வேண்டிக்கொண்டதில்லை.

முதல் தூறல் விழுந்தபோது ஸ்டேஷன் ரோட்டில் அவர் வந்தார். தலை நரைத்திருந்தது. தோளில் பிள்ளை. பக்கத்தில் புருஷன் அழுதுகொண்டே ஓடி வந்தான். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று, ‘அண்ணே!’ என்றார்கள். எத்தனை வருஷமாகிறது, ஒருத்தர்கூட மறக்கவில்லை.

பிள்ளையை இறக்கி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அது தன் மூட்டையைக் கண்டதும் முடிச்சில் கையை வைத்தது. அவர் மெதுவாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருடா. அம்மா பிரிக்கட்டும்.”

அவள் பிரித்தாள். உள்ளே ஒரு சட்டை, ஒரு மரப் பம்பரம். சட்டையைப் போட்டுவிடும்போது அவளுக்குப் பொத்தான் துளைக்குள் போகவே இல்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மூட்டை பிரிக்கப்படுவதை அவர் பார்த்த அந்தப் பார்வையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்குப் பொறாமை இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ நிப்பேன்னு தெரியும் தம்பி. அந்தத் தைரியத்துலதான் இவங்ககிட்ட வாக்குக் குடுத்தேன்.”

எதற்காக நின்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பானெட்டில் ஒரு தடவை தட்டிவிட்டு, அடுத்த ரயிலைப் பிடிக்க மழையில் நடந்தார். தீவில் இன்னும் பிள்ளைகள் இருந்தார்களாம்.

பஸ்ஸைக் கிளப்பினேன். சிம்பாங் பூலாய் தாண்டி அவர்களுடைய தோட்டத்து வாசலில் நிறுத்தியபோது புருஷன் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். அவள் கடைசியாக இறங்கினாள். இறங்கியவள் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, மழையில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

“நீங்க மட்டும் நிக்காம போயிருந்தா எங்க கதி என்னாவுறது? நீங்க நல்லா இருக்கணும்ண்ணே.”

அந்த ரோட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. இது எனக்குச் சேர வேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். ரொம்ப நாள் ஆசைப்பட்ட வார்த்தை. திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. ‘சரிம்மா, பாத்துப் போ’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர்கள் லயத்துக்குள் நுழைந்து மறைகிறவரை கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.